இரண்டு பாதமும் வளைந்து, முழங்காலும் இறுகிப் பிறந்த பிள்ளையை எப்படி வளர்ப்பது?

மகனுக்கு எட்டு மாதம், பிளாஸ்டர் போட்டு வருகிறார்கள், இன்னும் தவழவில்லை, நடப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். என் மகளும் இப்படிப் பிறந்தவள்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நடப்பாரா என்பதைப் பார்க்கிற டொக்டர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லக்கூடியது, கால் நிமிரட்டும், பிறகு பார்க்கலாம் என்று பிள்ளையை மடியிலேயே வைத்திருக்காதீர்கள்.

"கிரகணத்தில காய் வெட்டினியா?" என்று உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு வளைபாதம் இருக்கிறது.

பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திப் பிளாஸ்டர் போடுவதைப் பொன்செட்டி முறை என்பார்கள். அதில் வாரம் ஒரு பிளாஸ்டர், பொதுவாக 5 முதல் 7 வரை. மூட்டு இறுக்கமும் இருந்தால் கூடுதலாகப் போகும். பிறகு அநேகமான பிள்ளைகளுக்குக் குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாணில் சின்ன வெட்டு, மூன்று வாரம் கடைசிப் பிளாஸ்டர். வீட்டில் விரல்களைப் பாருங்கள். அழுத்தி விட்டால் உடனே சிவக்க வேண்டும். விரல்கள் உள்ளே போய் மறைந்தால் பிளாஸ்டர் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் கொண்டுபோங்கள்.

கஷ்டமான காலம் அதற்குப் பிறகுதான். கம்பி பூட்டிய சப்பாத்தை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம் போட வேண்டும், அப்புறம் நாலைந்து வயது வரை தூங்கும் நேரமெல்லாம். முதல் இரவுகளில் பிள்ளை கத்தும். அம்மம்மா, மாமி எல்லாரும் "பாவம் பிள்ளை, கழட்டி விடு" என்பார்கள். அவர்களையும் ஒருநாள் கிளினிக்குக் கூட்டிப்போங்கள், டொக்டர் வாயால் கேட்கட்டும். சப்பாத்தை விட்டால் பாதம் திரும்ப வளையும், கடுமையான கால் என்றால் இன்னும் சீக்கிரம். கொப்புளம் வந்தால் மட்டும் உடனே போய்க் காட்டுங்கள்.

இனி நகர்வது. எங்கள் வளவு முழுக்க மணல். கொடுத்த நடைச் சட்டத்தின் சின்னச் சில்லுகள் இரண்டடி போனதும் புதைந்துவிடும், மகள் அதை உலுக்கி உலுக்கி அழுவாள். என் வீட்டுக்காரர் விறாந்தையிலிருந்து குசினிக்கும் கேற்றுக்கும் சீமெந்துப் பாதை போட்டார். அதற்கு முன்னாலேயே அவள் முழங்கையை ஊன்றி விறாந்தை முழுக்க இழுபட்டுத் திரிவாள். படிக்கட்டில் வந்ததும் திரும்பி, குப்புறப் படுத்து, காலை முதலில் கீழே விட்டுச் சறுக்கி இறங்குவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தூக்கப் போனால் கையைத் தட்டிவிடுவாள். உங்கள் மகனையும் சீமெந்துத் தரையில் பாய் விரித்துக் குப்புறப் போடுங்கள், கைக்கு எட்டாத தூரத்தில் பிடித்த சாமானை வையுங்கள். பிளாஸ்டரோடும் செய்யலாம், எவ்வளவு நேரம் என்று பிசியோதெரபியில் கேளுங்கள். கையும் முதுகும் பலப்பட்டால்தான் நாளைக்கு ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ எதுவானாலும் அவருடைய கையில் நிற்கும்.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. முதலாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கிற வருடமே அதிபரைப் பார்த்து, வகுப்பறை கீழ்த்தளத்தில் கிடைக்குமா, மலசலகூடத்துக்கு எத்தனை படி என்று நேரில் பாருங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.