சுவரை மூடும் முன் ஓதத்தைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறைத் தம்பி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1900 வாக்கில் கட்டிய வீடு வாங்கியிருக்கிறேன், சுவர் இன்சுலேஷன் (சூடு வெளியேறாமல் தடுக்கும் உறை), ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை இழுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவி), சோலார் இதில் எதற்குப் போட்ட காசு திரும்பும், பள்ளிக்கூடம் எப்படி, கார் எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடமும் காரும் மற்றவர்கள் சொல்வார்கள்.

முதலில் மச்சில் ஏறிப் பாருங்கள். இன்சுலேஷன் பஞ்சு 270 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் பல நேரம் நாலு விரல் கனம்தான் கிடக்கும். காசு சீக்கிரம் திரும்புவது இதில்தான். எங்கள் வீட்டில் நானே முட்டி போட்டு விரித்தேன். நம்ம ஆட்கள் பலர் இதை விட்டுவிட்டு சோலார் மாட்டிப் படம் போடுவார்கள். மச்சுக்குள் கிடப்பதை யாருக்குக் காட்டுவது!

சுவர் விஷயத்தில்தான் பயம். அந்தக் காலத்து வீடு அநேகமாக இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர். கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா, குளியலறை ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்காமல் இன்சுலேஷன் போட்டு மூடினால் ஓதம், அதாவது சுவர் ஈரம், உள்ளேயே தங்கிவிடும். அரசுத் திட்டங்களில் போட்ட வெளிச்சுவர் இன்சுலேஷனில் 98 விழுக்காட்டில் பெரிய குறை என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகமே 2025 அக்டோபரில் சொன்னது. அதனால் ‘இலவசம்’ என்று கதவைத் தட்டுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கூரைக்கு அடியில் ஸ்ப்ரே ஃபோம் (பீய்ச்சியடித்தால் நுரைத்து இறுகும் இன்சுலேஷன்) அடிக்கவே வேண்டாம். பின்னால் வீட்டை விற்கும்போது, வாங்க வருபவருக்குப் பல வங்கிகள் கடன் தராது.

ஹீட் பம்புக்கு 7,500 பவுண்டு மானியம் உண்டு. ஆனால் இங்கே மின்சாரம் யூனிட்டுக்கு, வீட்டைச் சூடாக்க எரிக்கிற கேஸைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு விலை. பம்ப் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் சூடு தந்தாலும், காற்று புகுகிற வீட்டில் பில் குறையாது. சோலார் அப்புறம் பார்க்கலாம்.

நான் வந்த புதிதில் வாடகை அறையில் சூடேற்றும் ரேடியேட்டர் மேல்தான் துணி காயும். அலமாரியை நகர்த்தினால் பின்னால் கன்னங்கரேல் என்று பூஞ்சணம். நீங்கள் சோறு வடிக்கிற ஆவிதான் காரணம் என்றார் வீட்டுக்காரர். வேலந்தாவளத்தில் எங்கள் ஓட்டு வீட்டில் அம்மா மூன்று வேளையும் விறகடுப்பில் பொங்குவார். ஆடிக் காற்று ஓட்டிடுக்கில் புகுந்து வெளியேறும், சுவரில் ஒரு பொட்டுப் பூஞ்சணம் கிடையாது. கடைசியில் பார்த்தால், குளிர் வராமலிருக்க அந்த அறையின் காற்றுத் துவாரத்தை யாரோ அட்டை வைத்து அடைத்து, மேலே வால்பேப்பரும் ஒட்டியிருந்தார்கள். அதைக் காட்டிய பிறகும் பெயின்ட் செலவை எங்கள் முன்பணத்தில்தான் பிடித்தார் அந்த மனுஷன்.