பலகையை ஒரே தடிமனாக இழைக்கும் பழைய மேசை பிளேனர் பழுதாகிவிட்டது. வீட்டுப் பட்டறைக்குப் புதிதாக எதை வாங்கலாம்?

தேக்கும் வேங்கையும் இழைப்பவர் என்றால் முதலில் கத்திகளைப் பாருங்கள். தேக்கில் சிலிக்கா உண்டு. சாதாரண எஃகுக் கத்தி அதில் விரைவில் மழுங்கிவிடும். நீளக் கத்திகளுக்குப் பதிலாகச் சிறு சதுரக் கார்பைடு (மிகக் கடினமான பொருள்) வெட்டிகள் சுருள் வரிசையில் பதித்த உருளை உள்ள இயந்திரம் விலை கூடியது. ஆனால் ஒவ்வொரு வெட்டிக்கும் நான்கு முனைகள் இருப்பதால், ஒன்று மழுங்கினால் திருப்பிப் பொருத்திக்கொள்ளலாம். இரைச்சலும் குறைவு, இழை முறுக்கிய மரத்தில் நார் பிய்ந்து வருவதும் குறைவு. பணம் இருந்தால் தயங்காமல் இதையே வாங்குங்கள்.

பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் மகிதா 2012என்பி நல்ல தேர்வு: 304 மி.மீ. அகலம், 1650 வாட், இரண்டு கத்திகள். எடை 30 கிலோவுக்குள் இருப்பதால் வேலை முடிந்ததும் தூக்கி ஓரமாக வைக்கலாம். சிறிய அறைக்கு அது பெரிய வசதி. டிவால்ட் டிடபிள்யூ735-இல் மூன்று கத்திகள், இரண்டு வேகங்கள். ஆனால் 40 கிலோவுக்கு மேல் கனக்கும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட் இயந்திரம், நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகிவிடாதீர்கள்.

பலகையின் முனைகளில் பள்ளம் விழுவது உங்கள் பழைய இயந்திரத்தின் குறை மட்டுமல்ல, புதியதிலும் வரும். நீளத்தில் 10 செ.மீ. கூடுதலாக விட்டு இழைத்து, பிறகு அறுத்துவிடுங்கள். வளைந்த பலகையை எந்தப் பிளேனரும் நேராக்காது. ஒரு முகத்தைக் கை இழைப்புளியால் சமன் செய்த பிறகே உள்ளே விடுங்கள்.