பேயை நம்பாதவர்களுக்குத் திறந்த மனது கிடையாது என்கிறார்களே, உண்மையா?

கேள்வியைப் பார்த்ததுமே புரிகிறது, உங்களிடம் யாரோ இதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள். அநேகமாக வீட்டுப் பெரியவர். தனக்கு நடந்த ஒன்றை அவர் சொல்லியிருப்பார், நீங்கள் "அது எப்படி?" என்று கேட்டிருப்பீர்கள், "உனக்கெல்லாம் திறந்த மனசே கிடையாது" என்று வாயை அடைத்திருப்பார். இதே வார்த்தையை நானும் வாங்கியிருக்கிறேன், அதுவும் என் அப்பா விஷயத்தில். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் செவிலியர். அப்பா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இரவுப் பணி முடித்து வந்து காலையில் படுத்தவளுக்கு நடுவில் விழிப்பு வந்தது. கண் திறந்திருக்கிறது. மேலே ஃபேன் சுற்றுவது தெரிகிறது, ஜன்னல் திரை ஆடுவது தெரிகிறது. கை கால் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. நெஞ்சின் மேல் பாரம். அப்போது கால்மாட்டில் மெத்தை மெல்ல அமுங்கியது, ஆள் வந்து உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. தலையைத் திருப்ப முடியாமல் கடைக்கண்ணால் பார்த்தேன். அப்பாவின் தோள். எங்கே உட்கார்ந்தாலும் அவர் இடது பக்கம் லேசாகச் சாய்ந்துதான் உட்காருவார். அதே சாய்வு. கூப்பிடப் பார்த்தேன், குரல் எழும்பவில்லை. எப்படியோ சுண்டுவிரல் அசைந்தது. அந்த நொடியே எல்லாம் போய்விட்டது.

இதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் கோபம் வரும்.

அக்காவிடம் சொன்னேன். "அப்பாதான்டி வந்துட்டுப் போயிருக்கார்" என்று அழுதாள். எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்தாக வேண்டும் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. அதன் பிறகு சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் இதே பேச்சு: "பெத்த அப்பாவே வந்து உட்கார்ந்தும் நம்ப மாட்டேங்கிறா." இன்னொரு பக்கம், பகுத்தறிவுவாதி என்று சொல்லிக்கொள்ளும் என் பெரியம்மா மகன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. "கனவு. போய் வேற வேலையைப் பாரு." அவ்வளவுதான். அந்தப் பேச்சு அக்காவின் பேச்சைவிட வலித்தது.

இரண்டு தரப்பிலும் ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டது எங்கள் பிரிவுக்கு வரும் நரம்பியல் மருத்துவர் ஒருவர்தான். "மல்லாந்து படுத்திருந்தீங்களா, ஒருக்களிச்சா சிஸ்டர்? கண்ணை மட்டும் அசைக்க முடிஞ்சுதா? அதுக்கு முந்தின நாள் எவ்வளவு நேரம் தூங்குனீங்க? டியூட்டி மாறி எத்தனை நாள் ஆச்சு?" நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார். தோள் சாய்ந்திருந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

பிறகுதான் விளக்கினார். கனவு வரும் தூக்கத்தில், கனவில் ஓடுவதற்கெல்லாம் நிஜமாகவே கை கால் ஓடிவிடாதபடி மூளை தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது. கண்ணும் மூச்சு வாங்கும் தசையும்தான் விதிவிலக்கு. சில சமயம் அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். அறையும் தெரியும், கனவும் ஓடிக்கொண்டிருக்கும். நினைத்தபடி ஆழமாக மூச்சை இழுக்க முடியாததால் நெஞ்சில் பாரம் தெரியும். ஸ்லீப் பராலிசிஸ் என்பது இதுதான். தூக்கம் ஒழுங்கில்லாதவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வருகிறது. எனக்கு இரண்டும் பொருந்தியது. அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்த மனதுக்கு வேறு யார் வந்து உட்காருவார்கள்?

தூக்கம் ஒழுங்கில்லை என்றேன் இல்லையா, அதற்குக் காரணம் நான் இல்லை. அப்போது வேலை பார்த்த இடத்தில் பகல் பணி, இரவுப் பணி அட்டவணையை வாரக் கடைசியில்தான் ஒட்டுவார்கள். ஒருத்தி விடுப்பு எடுத்தால் இன்னொருத்தி தொடர்ந்து இழுபட வேண்டும். உடம்பு தாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. செவிலியர்கள் மயங்கி விழுந்தால்தான் அது பிரச்சினை போலிருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்த மருத்துவர் விளக்கிய பிறகு, இப்படிப்பட்ட அனுபவங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஒன்று மனதில் தங்கிவிட்டது. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் கதையைக் கண் மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார். பழைய பெரிய வீட்டுக்குக் குடிபோனார்கள். ஆளில்லாத இடத்தில் காலடிச் சத்தம், யாரோ பின்னால் வருவது போன்ற உணர்வு, எல்லோருக்கும் தலைவலி, குழந்தைகள் வெளிறிப்போனார்கள், தொட்டிச் செடிகள் வாடின. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகை வெளியே போகாமல் அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு. "பேய்தான்" என்று முடிவுகட்டியிருந்தாலும், "எல்லாம் பிரமை" என்று தள்ளியிருந்தாலும், அந்தக் குழந்தைகள் அந்தப் புகையிலேயே கிடந்திருப்பார்கள்.

"வானத்திலிருந்து கல் விழும் என்றபோதும் விஞ்ஞானிகள் சிரித்தார்களே" என்று உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான், பலர் சிரித்தார்கள். ஆனால் 1803இல் பிரான்சில் லேகிள் என்ற ஊரருகே கற்கள் விழுந்தபோது, ழான் பப்டீஸ்ட் பியோ என்ற இளம் விஞ்ஞானியை அரசு அனுப்பியது. அவர் ஊர் ஊராகப் போய்ச் சாதாரண ஜனங்களிடம் என்ன கேட்டது, எதைப் பார்த்தீர்கள் என்று விசாரித்தார். கற்களைப் பார்த்தார், அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட கல்லே கிடையாது என்பதையும் உறுதி செய்துகொண்டார். அந்த அறிக்கைக்குப் பிறகு எதிர்ப்பு அடங்கிவிட்டது. கல் கையில் இருந்தது, ஏற்றுக்கொண்டார்கள்.

அமானுஷ்யத்துக்கும் அதே வாசல் திறந்துதான் இருந்தது. அமானுஷ்ய சக்தியைச் சோதனையில் நிரூபிப்பவருக்குப் பரிசு என்று மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி 1964இல் 1,000 டாலரில் ஆரம்பித்த சவால் 10 லட்சம் டாலர் வரை வளர்ந்து 2015 வரை இருந்தது. சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். முதல்கட்டத்தைக்கூட யாரும் தாண்டவில்லை. சரி, ராண்டி ஒருதலைப்பட்சமானவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காலத்தை முன்கூட்டி உணர முடிகிறது என்று உளவியலாளர் டாரில் பெம் ஒன்பது சோதனைகளோடு எழுதியதை 2011இல் உளவியலின் முன்னணி ஆய்விதழே வெளியிட்டது. அதே சோதனைகளை மற்றவர்கள் திரும்பச் செய்தார்கள், அந்த முடிவு வரவில்லை. இதைவிட எவ்வளவு திறந்து வைப்பது?

நம்புகிறவர்களை முட்டாள் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் கடவுள் நம்பிக்கை உண்டு, அதை இங்கே இழுக்க வேண்டாம். பேயைக் கண்டுபிடிப்பதாக ஒரு கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து துக்கத்தில் இருப்பவர்களிடம் காசு பறிப்பவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அடுத்த முறை உங்களிடம் அப்படிச் சொன்னால், "என்ன நடந்தால் உங்க கருத்தை மாத்திக்குவீங்க?" என்று கேளுங்கள். நீங்களும் உங்கள் பதிலைத் தயாராக வைத்திருங்கள். என் பதில் இது: நான் எழுதி உறையில் போட்டு ஒட்டிய சொல்லை, முன்பே பேசி வைத்த விதிகளின்படி, ஒருவர் திரும்பத் திரும்பச் சரியாகச் சொன்னால் மாற்றிக்கொள்வேன். அக்காவிடமும் கேட்டேன். "எது நடந்தாலும் மாத்திக்க மாட்டேன், அவர் என் அப்பா" என்றாள். அது அவள் துக்கம், அதற்கு மேல் நான் வாதாடவில்லை. ஆனால் திறந்த மனசு இல்லாதவள் என்று இனி என்னைச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.