பேஸ்பால் அணியைத் தானமாகக் கொடுத்தவர் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

அமெரிக்கத் தொழிலதிபர் யூவிங் காஃப்மன் தன் பேஸ்பால் அணியையே ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார் என்று படித்தேன். வரியை மிச்சம் பிடிக்கும் வழி இது என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உள்ளூர்க்காரர் யாருக்காவது விற்றுவிட்டுப் பணத்தைத் தானம் செய்திருக்கலாமே?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

விற்றிருக்கலாம், ஆனால் உள்ளூரில் வாங்க ஆளில்லை. அணி இருந்த கான்சஸ் சிட்டி சிறிய நகரம், டிவி வருமானம் குறைவு, காஃப்மனின் ராயல்ஸ் அணி நஷ்டத்தில் ஓடியது. வெளியூர்க்காரர் வாங்கினால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார். இது வீண் பயம் அல்ல. 1967 சீசன் முடிந்ததும் சார்லி ஃபின்லி தன் ஏ’ஸ் அணியை அங்கிருந்து ஓக்லண்டுக்கு மாற்றிவிட்டார். அதன் பிறகுதான் 1968இல் காஃப்மன் புது அணிக்கான உரிமையை வாங்கினார்.

காஃப்மனுக்குப் பணம் மருந்துக் கம்பெனியில் வந்தது. 1950இல் வீட்டு நிலவறையில் மேரியன் லேபரட்டரீஸைத் தொடங்கினார். முதலாண்டு விற்பனை 36,000 டாலர், லாபம் 1,000. சிப்பி ஓட்டை அரைத்துச் செய்த கால்சியம் மாத்திரைதான் கம்பெனியைத் தூக்கிவிட்டது. முன்பு சேல்ஸ்மேனாக இருந்த இடத்தில் கமிஷன் அதிகம் சம்பாதிக்கிறார் என்று அதை வெட்டியதால் வெளியேறியவர், தன் கம்பெனியில் லாபத்தை ஊழியர்களோடு பங்கிட்டார்.

இனி தானத்துக்கு வருவோம். காஃப்மன் பெயரில் ஏற்கெனவே ஒரு தனியார் அறக்கட்டளை இருந்தது. ஆனால் அணியைப் பெற்றது அதுவல்ல, கான்சஸ் சிட்டி வட்டாரப் பொது அறக்கட்டளை. அமெரிக்காவின் 1969 வரிச் சட்டப்படி, தனியார் அறக்கட்டளையும் அதை நிறுவியவர் தரப்பும் சேர்ந்து ஒரு தொழிலில் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் வைத்திருக்க முடியாது. பொது அறக்கட்டளைக்கு அந்த வரம்பு இல்லை. அணியை நடத்தும் பொறுப்பு வால்மார்ட் தலைவர் டேவிட் கிளாஸ் தலைமையிலான குழுவிடம் போனது. ஆறு ஆண்டுக்குள், அணியை அதே ஊரில் வைத்திருக்கச் சம்மதிப்பவருக்கு விற்க வேண்டும், தொகை உள்ளூர் அறப்பணிக்குச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த வழியில் வரிச்சலுகை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அணியை ஊரில் தக்கவைப்பது அறப்பணியாகுமா என்பதை வரித்துறை ஒப்புக்கொண்டால்தான் திட்டமே செல்லும். ஒப்புதல் 1995இல் வந்தது. காஃப்மன் 1993 ஆகஸ்ட் 1 அன்றே காலமாகிவிட்டார். வரியை மிச்சம் பிடிப்பது மட்டுமே நோக்கமென்றால் இவ்வளவு சிக்கலான வழியை யாரும் தேடமாட்டார்கள் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

கோளாறு வேறு இடத்தில் வந்தது. இடைக்காலக் குழுவுக்குச் செலவைக் கட்டுக்குள் வைப்பதே முதல் வேலை. 1994இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கிய டேவிட் கோன் அந்த ஊரில் பிறந்தவர். சம்பளச் சுமை காரணமாக, 1995 ஏப்ரலில் அவரையே டொராண்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டிலிருந்து 2002 வரை ஒரு சீசனில்கூட வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. ரசிகர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

விற்பனையும் இழுத்தது. நியூயார்க் வழக்கறிஞர் மைல்ஸ் பிரென்டிஸ் அணியை வாங்க முன்வந்ததை, ஒப்புதல் தர வேண்டிய மற்ற அணி உரிமையாளர்கள் 1999இல் நிராகரித்தார்கள். 2000இல் அவர் இன்னும் கூடுதலாகத் தர முன்வந்தும், அணி 9.6 கோடி டாலருக்கு டேவிட் கிளாஸுக்கே போயிற்று. 2019இல் ஜான் ஷெர்மன் தலைமையிலான குழு அதை ஏறக்குறைய 100 கோடி டாலருக்கு வாங்கியது. அணி ஊரைவிட்டுப் போகவில்லை, காஃப்மன் கேட்டது நடந்தது. ஆனால் அந்த விலையேற்றம் கிளாஸ் குடும்பத்துக்குத்தான் போனது. இதுபோன்ற பத்திரம் எழுதுபவர்கள் இரண்டு ஷரத்துகளைச் சேர்க்க வேண்டும்: இடைக்காலத்தில் ஆட்டக்காரர் சம்பளத்துக்குக் குறைந்தபட்ச ஒதுக்கீடு, அடுத்த விற்பனை லாபத்தில் அறக்கட்டளைக்கு ஒரு பங்கு.