லிஃப்டில் என்ன பேசுவது?

பேச்சு, கேட்புச் சிரமம் உள்ளவர்கள் அலுவலக அரட்டை பற்றிக் கேட்டவை. பதில் சொல்பவர் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்.

கேள்வி: மேடம், எனக்குத் திக்கும். வேலை விஷயம் எப்படியோ பேசிவிடுவேன். லிஃப்டில் யாராவது "லீவுல எங்க போனீங்க?" என்றால் தொண்டை அடைக்கிறது. வெட்டிப்பேச்சுதானே, ஒதுங்கிக்கொண்டால் என்ன?

பதில்: ஒதுங்கினால் தலைக்கனம் என்று பெயர் வரும், நியாயமே இல்லாமல். தகவலுக்காக இல்லாமல் உறவுக்காகவே பேசும் பேச்சு உண்டு என்று 1923-லேயே மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி அதற்குத் தனிப்பெயர் கொடுத்தார். யார் வேலையை விடுகிறார், எந்த இடம் காலியாகிறது என்பதும் முதலில் அங்கேதான் காதில் விழும். வராத சொல்லுக்கு வேறு சொல் தேடித் தேடிக் களைத்துப்போகாதீர்கள். "எனக்குத் திக்கும், முடிக்கிறவரை இருங்க" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்குப் பேச்சு வராது, டேப்லெட்டில் தட்டினால் அதுதான் குரலாகச் சொல்லும். முடிப்பதற்குள் பேச்சு எங்கோ போய்விடுகிறது.

பதில்: வேகத்தில் ஜெயிக்க முடியாது. வாயால் பேசுபவருக்கு நிமிடத்துக்கு 100 சொல்லாவது வரும். தட்டுகிற பலருக்கு 10, 15 தாண்டுவதே பாடு. முன்கூட்டியே சேமித்து வையுங்கள்: "அட!", "அப்புறம்?", முக்கியமாக "இருங்க, நானும் ஒண்ணு சொல்லணும்." என்னிடம் வந்த ஒருவரின் கருவியில் "ஃபைல் அனுப்பிவிட்டேன்", "விடுப்பு வேண்டும்" மட்டுமே இருந்தன. கருவியா, கடிதப் புத்தகமா! "ஆரம்பிச்சுட்டாரு" என்று ஒரு கிண்டல் சேர்த்தோம். மேலாளர் பழைய கதையை எடுத்தபோது இவர் சரியாக அதை அழுத்தியிருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் அன்றுதான் நாற்காலியை இவர் பக்கம் திருப்பினாராம்.

கேள்வி: காது சரியாகக் கேட்காது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். எல்லோரும் சிரிக்கும்போது "என்ன?" என்றால் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறார்கள்.

பதில்: அந்த "ஒண்ணுமில்ல" இருக்கிறதே, அதைப்போல ஒதுக்குவது எதுவுமில்லை. உதட்டைப் பார்த்தால் "படம்", "மடம்" இரண்டும் ஒன்றுதான், தவறு உங்களுடையது அல்ல. "என்ன?" என்பதைவிட "யாரைப் பத்தி?" என்று கேளுங்கள், அதற்கு "விடுங்க" என்பது கஷ்டம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருங்கள், வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழட்டும்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பியவர் சொல்லுக்குத் தடுமாறுகிறார். எடுத்துக்கொடுக்கலாமா?

பதில்: அவரிடமே கேளுங்கள். சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு எரிச்சல். சத்தமாக மட்டும் பேசாதீர்கள், போனது சொல்தான், காது அல்ல.

கேள்வி: எனக்கு ஆட்டிசம். "எப்படி இருக்கீங்க?" என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பதில்: "இருக்கேன், நீங்க?" போதும். உண்மையைக் கேட்க நினைப்பவர் இரண்டாவது முறையும் கேட்பார்.