உபயம் எழுத முடியாத செலவு

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன் மாதம் 50,000 ரூபா அனுப்பி, “தருமத்துக்குக் கொடுங்கோ அம்மா” என்கிறான். கோயில் கோபுரம், பழைய மாணவர் சங்க மண்டபம், சிறுவர் இல்லம், வாட்ஸ்அப்பில் வரும் நோயாளர் படங்கள் என்று ஓயாமல் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஐயாயிரம் ஐயாயிரமாகப் பிரித்துக் கொடுக்கிறேன். சரிதானே?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: சரியில்லை, ரீச்சர். வகுப்பில் கை உயர்த்திய பிள்ளைகளுக்கு மட்டுமா படிப்பித்தீர்கள்? இப்போது உங்கள் படலைக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்தான் உங்கள் தருமத்தைத் தீர்மானிக்கிறார்.

வராதவர்களைப் பார்க்க ஒருநாள் தெல்லிப்பழைக்குப் போய் வாருங்கள். 2011இல் நாட்டின் தென்கோடியான தெவுந்தரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் அங்கே புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. நாடே சேர்ந்து செய்த பெரிய தருமம். சிகிச்சையும் இலவசம். ஆனால் கதிர்ச்சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், அதுவும் பல வாரங்கள். நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து ஒருவர் தினமும் வந்து போக முடியுமா? எங்காவது தங்கத்தான் வேண்டும். துணைக்கு நிற்பவரின் நாட்கூலியும் போய்விடும். அந்த வாசலில் ஒரு தாய் ஒரே சோற்றுப் பார்சலை இரண்டாகப் பிரித்து, மீன் துண்டை மகளின் பக்கம் தள்ளிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்சலில் யார் உபயம் எழுதுவது?

கோயிலுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சைவத்தையும் பள்ளிக்கூடத்தையும் உயிராக நினைத்த ஆறுமுக நாவலரே பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்தார். அதே தெல்லிப்பழையில் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் துர்க்கை அம்மன் கோயிலோடு சேர்த்துப் பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். உங்கள் கோயிலார் வந்தால், கோபுரத்துக்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பாடசாலை என்றாலும் அப்படித்தான். ஒரு பாடசாலையில் கொடையாளர் பெயர் பொறித்த அறைக்குள் ஆறு கணினிகள் உறை கழற்றாமல் தூசி படிந்து கிடந்தன. படிப்பிக்க ஆளில்லை. அந்த ஆளின் சம்பளத்தைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

சிறுவர் இல்லத்தில் நான் கேட்கிற முதல் கேள்வி, இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள் என்பதுதான். வறுமையால் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர். அந்தத் தாயின் கையில் மாதாமாதம் ஒரு தொகை கிடைத்தால் பிள்ளை அவளோடு வீட்டிலேயே வளரும். அதைச் செய்கிற இல்லம் என்றால் தாராளமாகக் கொடுங்கள். வாட்ஸ்அப் படமென்றால் அந்த ஊர்க் கிராம அலுவலரிடம் விசாரிக்காமல் ஒரு ரூபாவும் வேண்டாம்.

பத்து இடம் வேண்டாம், இரண்டு போதும். நேரே போய்ப் பாருங்கள், கணக்கைக் கேளுங்கள், பிறகு ஒரு வருடமாவது விடாமல் கொடுங்கள். மகனுக்கும் இப்போதே சொல்லிவையுங்கள், இனி அவருக்கு அனுப்பப் பெயர்ப்பலகைப் படம் இருக்காது, பஸ் ரிக்கெற்றும் சாப்பாட்டுக்கடைச் சிட்டையும்தான் இருக்கும் என்று.