ஃபெர்குசன்: நவம்பரின் ஊரும் ஏப்ரலின் ஊரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரை ‘ஜனநாயகக் கட்சியின் ஊர்’ என்று போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அவ்வூரின் மேயர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த வெள்ளையர். நகர்மன்ற உறுப்பினர் அறுவரில் ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவர். ஊர் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கும் கறுப்பினத்தவராக இருந்தும் இந்த நிலை என்றால், உங்கள் வரி தவறா, அல்லது அம்மக்களுக்கு வாக்களிப்பதில் அக்கறை இல்லையா? வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு தெருவில் நின்று குமுறி என்ன பயன்?

ர., கோவை

அன்புள்ள ர.,

என் வரி பாதிதான் சரி. நவம்பர் மாதத்து ஃபெர்குசனை மனதில் வைத்து அதை எழுதிவிட்டேன். நீங்கள் கேட்பது ஏப்ரல் மாதத்து ஃபெர்குசனைப் பற்றி. சுமார் 21,000 பேர் வாழும் அந்தச் சிறு நகரில் இரண்டும் வேறு வேறு ஊர்கள் என்றே சொல்ல வேண்டும்.

2012 நவம்பரில் ஒபாமா மறுமுறை போட்டியிட்ட அதிபர் தேர்தலில், அங்கே வாக்களிக்கத் தகுதியுள்ள கறுப்பினத்தவரிலும் வெள்ளையரிலும் ஏறக்குறைய சம விகிதத்தினர், அதாவது பாதிக்குச் சற்று மேற்பட்டோர், வாக்களித்தனர் என்பது அரசியல் அறிஞர்களின் மதிப்பீடு. ஐந்தே மாதம் கழித்து, 2013 ஏப்ரலில் நடந்த நகராட்சித் தேர்தலில் மொத்த வாக்குப்பதிவு 12 சதவீதத்தை எட்டவில்லை. அதே மதிப்பீட்டின்படி வெள்ளையரில் 17 சதவீதத்தினரும் கறுப்பினத்தவரில் 6 சதவீதத்தினரும்தான் வந்தார்கள். கணக்குக்காக, தகுதியுள்ள நூறு பேரில் 67 பேர் கறுப்பினத்தவர், 29 பேர் வெள்ளையர் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் வரிசையில் நிற்பவர்கள் முறையே 36 பேரும் 16 பேரும். ஏப்ரலில் 4 பேரும் 5 பேரும். யாரும் கட்சி மாறவில்லை, யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை, ஆனால் பெரும்பான்மை கைமாறிவிட்டது. 2014 ஏப்ரலில் மேயர் ஜேம்ஸ் நோல்ஸ் போட்டியின்றியே மறுபடி தேர்வானார். பிரவுன் சுடப்படுவதற்கு நான்கு மாதம் முன்பு அந்நகரத்து வாக்குச்சீட்டில் மேயர் பதவிக்கு இருந்தது ஒரே ஒரு பெயர்.

அக்கறையின்மை என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. மிசூரியில் நகராட்சித் தேர்தல் நடப்பது ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அது வேலைநாள். வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இராது, வேட்பாளரின் பெயர் மட்டுமே இருக்கும். ஆகவே ஒருவர் எந்தப் பக்கத்தவர் என்பது அவரை முன்பே அறிந்தவருக்குத்தான் தெரியும். யார் அறிந்திருப்பார்கள்? 1990இல் அந்நகரில் கறுப்பினத்தவர் கால் பங்குதான். 2010இல் 67 சதவீதம். புதிதாக வந்தவர்களில் பலர் பிரவுன் இறந்துகிடந்த கான்ஃபீல்டு தெருவைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தவர்கள். வீடு மாறும்போதெல்லாம் வாக்காளர் பட்டியலில் முகவரியையும் மாற்ற வேண்டும். முப்பது வருடம் சொந்த வீட்டில் இருப்பவருக்கு நகர்மன்ற வேட்பாளர் பக்கத்துத் தெருக்காரர். ஆறு மாதம் முன்பு குடிவந்தவருக்கு அவர் வெறும் பெயர்.

குமுறி என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் உள்ள கடுமையை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க மத்திய அரசின் நீதி அமைச்சகம் 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், அந்த நகராட்சி அபராதத்தை நம்பியே வரவுசெலவுத் திட்டம் போட்டது தெரியும்: 2010இல் 13.8 லட்சம் டாலராக இருந்த அபராத, கட்டண வருவாய், 2015 நிதியாண்டுத் திட்டத்தில் 30.9 லட்சம் என்று எதிர்பார்க்கப்பட்டது. பொது நிதியில் ஏறத்தாழ கால் பங்கு அது. அறிக்கையில் பெயர் சொல்லப்படாத ஒரு பெண் வருகிறார். 2007இல் ஒருமுறை காரைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்கு அவருக்கு 151 டாலரும் கட்டணங்களும் விதிக்கப்பட்டன. தவணை தவறியதால் இருமுறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். 550 டாலர் கட்டிய பிறகும் 2014 இறுதியில் அவர் பெயரில் 541 டாலர் பாக்கி நின்றது. அந்த நீதிமன்றம் பிறப்பித்த கைது வாரண்ட் 16,000க்கும் மேற்பட்டோர் மீது நிலுவையில் இருந்தது. வாரண்ட் உள்ளவர் அரசு சம்பந்தப்பட்ட எந்த வாசலையும் மிதிக்கத் தயங்குவார் என்பது என் ஊகம். அதையும் அக்கறையின்மை என்ற கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

கோபம் தானாக வாக்காக மாறிவிடும் என்று நம்பியவர்களும் ஏமாந்தார்கள். 2014 அக்டோபரில், துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 3,287 பேர் புதிதாகப் பதிந்திருப்பதாக மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஓர் எண் வந்தது, செய்தித்தாள்கள் கொண்டாடின; சில நாளில் அதே அலுவலகம் திருத்தியது, புதிதாகப் பதிந்தவர் 128 பேர்தான் என்று.

ஆனாலும் 2015 ஏப்ரலில் வாக்குப்பதிவு சுமார் 30 சதவீதத்துக்கு உயர்ந்தது. எல்லா ஜோன்ஸ் (Ella Jones) என்ற பெண்மணியும் வெஸ்லி பெல்லும் நகர்மன்றத்துக்கு வென்றார்கள், அறுவரில் மூவர் கறுப்பினத்தவரானார்கள். இதை வைத்து ஊர் விழித்துக்கொண்டது என்று முடித்துவிடலாம் என்றால், 2017இல் அதே ஜோன்ஸை வீழ்த்தி நோல்ஸ் மீண்டும் மேயரானார். ஜோன்ஸ் மேயரானது 2020இல். பெருந்தொற்றால் ஏப்ரலிலிருந்து ஜூன் 2க்குத் தள்ளிப்போன அந்தத் தேர்தல், மினியாபொலிஸில் காவலர் பிடியில் இறந்த கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்துக்கு எட்டு நாள் கழித்து நடந்தது. அந்த நகரின் முதல் கறுப்பின மேயரும் முதல் பெண் மேயரும் அவரே.

கலிஃபோர்னியா 2015இல் ஒரு சட்டம் இயற்றி, உள்ளூர்த் தேர்தலில் வாக்குப்பதிவு மிகவும் சரியும் நகரங்கள் தங்கள் தேதியை மாநிலத் தேர்தலோடு சேர்த்தாக வேண்டும் என்றது. உபதேசத்தைவிட அது பயன்படும் என்பது என் எண்ணம். மிசூரியில் ஏப்ரல் செவ்வாய் இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்